கீழே மார்கழி, மேலே அக்கினி நட்சத்திரம்

2024-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் நமது தாயாரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பிரயாணம் செய்தோம். டெக்ஸஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் நமது தமக்கை குடும்பத்துடன் வசிக்கிறாள். "திருச்சியில் அம்மா ஏன் கத்திரி வெயிலில் வாடவேண்டும், தம்பி? இங்கே வீடு முழுவதும் குளிர்ச்சியாக இருக்கும், அழைத்து வா" என்று டெலிபோனில் பல தடவை வற்புறுத்தியிருந்தாள். தாயாருக்கு வயது எழுபத்தெட்டு; முழங்கால் வலி உண்டு. மாடிப்படி ஏற முடியாதாகையால் கீழ்த்தளத்தில் ஓர் அறையை அவருக்கென்று ஒழித்துக் கொடுத்தார்கள்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் நாம் கண்ட காட்சி இது: கீழ்த்தளத்தில் தாயார் இரண்டு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு, மார்கழி மாதத்து விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் போல நடுங்கிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் மாடியில் தமக்கையின் மகள் மேஜை விசிறியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெற்றி வியர்வை புஸ்தகத்தில் சொட்ட, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கீழே மார்கழி, மேலே அக்கினி நட்சத்திரம்! வீடு ஒன்றுதான், குளிர்சாதன யந்திரமும் ஒன்றுதான்.

வீட்டார் தங்களுக்குத் தெரிந்த கைவைத்தியத்தைச் செய்தார்கள். அத்தான் மாடியிலிருந்த தெர்மாஸ்டாட்டை 76 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு இறக்கினார். (அந்நாட்டில் இன்றும் பாரன்ஹீட் கணக்குத்தான்.) தமக்கை கீழ்த்தளத்தில் குளிர்காற்று வரும் வாய்களையெல்லாம் மூடி, தாயார் அறையிலிருந்ததற்குள் ஒரு துண்டையும் திணித்துவைத்தாள். இவ்விரண்டு வைத்தியங்களின் பலன் மறுநாள் பகலில் தெரிந்தது. மாடியிலும் கீழேயும் காற்று அடியோடு நின்றுபோயிற்று. வெளியில் 95 டிகிரி, அதாவது நமது கணக்கில் 35. கடற்கரைக்கு அருகிலுள்ள ஊராகையால் புழுக்கம் வேறு. ஜன்னல்களை மூடியே வைத்துப் பழகிய வீடு அது. மாலை ஆவதற்குள், காலையில் குளிரால் நடுங்கிய தாயார், "தலையைச் சுற்றுகிறதடா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மோரைக் கொடுத்து, ஈரத் துணியால் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து விசிறிக்கொண்டிருந்தோம். வயோதிகர்களின் உடம்பு உஷ்ணத்தைத் தாங்கும் சக்தி குறைந்தது; இதை விளையாட்டாக விட்டுவிடக் கூடாது.

அன்று மாலையே ஒரு கம்பெனியிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். வெளியே இருந்த யந்திரத்தின் வயதைப் பார்த்தார், பத்து வருஷம். உள்ளே சுருளில் பனிக்கட்டி படிந்திருப்பதைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் தீர்ப்புக் கூறிவிட்டார்: "இது முடிந்துபோயிற்று. முழுவதையும் மாற்றவேண்டும். பதினாலாயிரம் டாலர் ஆகும். இப்போதே கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கலாம்."

அத்தான் பேனாவை எடுத்துவிட்டார். அந்தத் தொகை, இலையுதிர் காலத்தில் கல்லூரியில் சேரவிருந்த மகளின் சம்பளத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. ஆனால் தாயாரின் முகத்தைப் பார்த்தபோது யாருக்குத்தான் கணக்குப் பார்க்கத் தோன்றும்? "அத்தான், ஓர் இரவு பொறுங்கள், இன்னொருவர் அபிப்பிராயத்தையும் கேட்போம்" என்றோம். நாம் செய்த உதவி அவ்வளவுதான்.

ஒரு வாய்க்கால், பல மடைகள்

மேலே நடந்ததைச் சொல்லுமுன், அந்நாட்டு வீடுகளில் குளிர்ச்சி எவ்விதம் பங்கிடப்படுகிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் அறைக்கு ஒரு யந்திரம். வேண்டிய அறையில் ஓட்டுகிறோம். வேண்டாத அறையில் நிறுத்துகிறோம். அமெரிக்க வீடுகள் பலவற்றில் வீடு முழுமைக்கும் ஒரே யந்திரம். அதில் ஒரு பாதி வெளியே நிற்கும். மற்றொரு பாதியாகிய குளிர்ச் சுருளும் ஊதுவிசிறியும் டெக்ஸஸ் பிரதேசத்தில் பெரும்பாலும் கூரைக்கு அடியிலுள்ள பரணில் இருக்கும். அங்கிருந்து பெரிய காற்றுக் குழாய்கள் கிளம்பிக் கிளைகளாகப் பிரிந்து ஒவ்வோர் அறைக்கும் செல்லும்.

இந்த வீட்டை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளாகப் பிரிப்பதும் உண்டு. அப்பகுதிகளுக்கு 'ஸோன்' என்று பெயர். ஒவ்வொரு பகுதிக்கும் தனி தெர்மாஸ்டாட். குழாய்க்குள்ளே, அந்தந்தப் பகுதிக்குப் போகும் வழியில், 'டாம்பர்' என்னும் ஒரு தகடு. அதைத் திருப்ப ஒரு சின்னஞ்சிறு மோட்டார். எல்லாத் தெர்மாஸ்டாட்டுகளும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையிடம் முறையிட்டுக்கொள்ளும். "மாடிக்குக் குளிர்ச்சி வேண்டும்" என்ற செய்தி வந்ததும் பலகையானது மாடித் தகட்டைத் திறந்து, கீழ்த்தளத்துத் தகட்டை மூடி, யந்திரத்தை ஓட்டும்.

காவேரிப் பாசனத்தைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு வாய்க்கால். வயலுக்கு ஒரு மடை. எந்த வயல் காய்கிறதோ அதன் மடையைத் திறக்கிறோம். ஆனால் வாய்க்காலில் வரும் தண்ணீர், மடையை மூடியதால் குறைந்துவிடுவதில்லை. எல்லா மடைகளையும் அடைத்துவிட்டு ஒன்றை மாத்திரம் அரைகுறையாகத் திறந்துவைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போகும். காற்றும் அப்படித்தான். ஓர் அறைக்கு வேண்டாமென்று அடைத்த காற்று மறைந்துபோவதில்லை. வேறு எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தை மறந்ததிலிருந்துதான் இவ்வகை வீடுகளின் தொல்லைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். குளிர்சாதனத்தை 'டன்' கணக்கில் அளப்பது பழைய பனிக்கட்டி வியாபாரத்திலிருந்து வந்த வழக்கம். 2,000 ராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. ஒவ்வொரு டன்னுக்கும் சுமாராக நிமிஷத்துக்கு 400 கன அடி காற்று குளிர்ச் சுருளின் மேல் ஓடவேண்டும். நான்கு டன் யந்திரமானால் 1,600 கன அடி. ஒரு சிறு படுக்கையறையைத் தனிப் பகுதியாகப் பிரித்து, அதன் குழாய் 500 கன அடிதான் தாங்கும் என்றால், பாக்கி 1,100 கன அடி எங்கே போகும்? குழாய்க்குள் அழுத்தம் ஏறும். காற்று வாய்களில் 'ஊய்' என்று சீட்டியடிக்கும் சத்தம் கேட்கும். குழாய் மூட்டுகளில் கசிவு உண்டாகும். சுருளின்மேல் ஓடும் காற்றுக் குறைந்து, அங்கே ஈரம் பனிக்கட்டியாக உறையும். உறைந்த பனி இருக்கிற வழியையும் அடைக்கும். கடைசியில் காற்றே வராது.

பள்ளிக்கூடத்தில் பிறந்த யோசனை

உபாத்தியாயத் தொழில் செய்யும் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. அறைக்கு அறை உஷ்ணத்தைத் தனித்தனியே அடக்கியாளும் இந்த யோசனை ஒரு பள்ளி ஆசிரியருக்குத் தோன்றியது. விஸ்கான்ஸின் மாகாணத்தில் வைட்வாட்டர் என்ற ஊரில், ஆசிரியர்களைப் பயிற்றும் நார்மல் பள்ளியில் வாரன் ஜான்ஸன் என்பவர் போதித்து வந்தார். குளிர்கால தேசமாகையால் அங்கே பிரச்சினை உஷ்ணமூட்டுவது. பள்ளிச் சேவகர் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து உஷ்ணமானியைப் பார்த்து, பிறகு நிலவறைக்கு இறங்கிப்போய்த் தகடுகளைத் திருப்பவேண்டும். பாடத்தின் நடுவே கதவு திறப்பது எந்த ஆசிரியருக்குத்தான் பிடிக்கும்? வகுப்பின் உஷ்ணநிலையை நிலவறையிலிருக்கும் ஆளுக்கு மின்சார மணியினால் அறிவிக்கும் கருவி ஒன்றை ஜான்ஸன் அமைத்து 1883-இல் பேட்டண்டு பெற்றார். 1885-இல் மில்வாக்கி நகரில் கம்பெனி ஆரம்பமாயிற்று. 1895-இல், அமுக்கிய காற்றின் பலத்தால் பல பகுதிகளின் உஷ்ணத்தையும் தாமாகவே சீர்ப்படுத்தும் முறைக்கும் அவர் பேட்டண்டு பெற்றார். வில்லிஸ் காரியர் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றுக்காகக் காற்றின் ஈரத்தை அடக்கும் யந்திரத்தை வகுத்தது அதற்குப் பிறகு, 1902-இல்தான். ஆகவே, குளிர்ச்சிக்கு முன்பே பங்கீடு பிறந்துவிட்டது!

கிழவர் நாடி பார்த்தார்

அயல் வீட்டார் ஒருவர், பல வருஷங்களாகத் தமக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தார். டெலிபோனில் விஷயத்தைக் கேட்டதும் அவர், "குளிர்ச்சியை இப்போதே நிறுத்துங்கள். விசிறியை மாத்திரம் ஓடவிடுங்கள். மூடிய வாய்களையெல்லாம் திறந்துவிடுங்கள். பனிக்கட்டியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், சுருள் ஓட்டையாகிவிடும். காலையில் வருகிறேன்" என்றார். இரவு முழுவதும் விசிறி ஓடிற்று. விடியும்போது பனி உருகிக் காற்று மறுபடியும் வர ஆரம்பித்தது. 'முடிந்துபோன' யந்திரம் குளிர்காற்றைத் தந்தது!

வந்தவர் அறுபதைத் தாண்டிய மனிதர். ஆயுதப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வெறுங்கையுடன் உள்ளே வந்தார். கீழ்த்தளத்துத் தெர்மாஸ்டாட்டை நிறுத்தினார். மாடியிலிருந்ததை மாத்திரம் ஓட்டினார். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு தாயாரின் அறைக்குச் சென்று காற்று வாயின் முன்பு உள்ளங்கையை நீட்டினார். சில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது. "இங்கே இப்போது காற்று வரக் கூடாது. உங்கள் நோய் இதுதான்" என்றார்.

பரணில் ஏறிப் பார்த்தார். கட்டுப்பாட்டுப் பலகையில், கீழ்த்தளத்துத் தகட்டை மூடும்படி கட்டளை போயிருப்பதைச் சிறு விளக்குக் காட்டிற்று. மோட்டாரின் முனையில் மின்சாரத்தை அளந்தார். 24 வோல்ட் சரியாக வந்திருந்தது. ஆனால் தகடு திறந்தபடியே நின்றது. கட்டளை போகிறது, மின்சாரம் சேர்கிறது, வேலை நடக்கவில்லை. ஆகவே பலகையும் கம்பியும் குற்றமற்றவை, மோட்டார்தான் செத்துவிட்டது. இவ்வகைத் தகடுகள் பலவற்றில், மூடுவதற்கு மின்சாரம், திறப்பதற்கு ஸ்பிரிங். மோட்டார் கெட்டால் ஸ்பிரிங் தகட்டைத் திறந்தே வைத்துவிடும். காற்றுக்கு வழியில்லாமல் யந்திரம் மூச்சுத் திணறக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

உடனே முழுக்கதையும் விளங்கிற்று. மாடிக்கென்று அனுப்பிய காற்றில் ஒரு பெரும் பங்கு கீழே போய்க்கொண்டிருந்தது. கூரையின் வெயிலை நேரே தாங்கும் மாடிக்கோ குளிர்ச்சி போதவில்லை. ஆகவே அதன் தெர்மாஸ்டாட் ஓயாமல் முறையிட்டது. யந்திரம் ஓய்வின்றி ஓடிற்று. ஓட ஓடத் தாயார் நடுங்கினார். அத்தான் 65 டிகிரிக்கு இறக்கியதால் குளிர்ச்சி ஒரு நொடிகூட முன்னதாக வரவில்லை. யந்திரம் நிற்கவே வழியில்லாமல் போனதுதான் மிச்சம். தமக்கை வாய்களை அடைத்ததும் காற்றின் வழி குறுகிற்று. போதாக்குறைக்கு வடிகட்டியை எடுத்துப் பார்த்தபோது, நான்கு மாதத்துத் தூசி கம்பளம் போல் அப்பியிருந்தது. சுருள் உறைந்ததில் ஆச்சரியம் என்ன? நோய் ஒன்று, வைத்தியத்தினால் வந்தவை இரண்டு.

மற்ற நோய்கள்

புது மோட்டார் வாங்கிவரப் போன இடைவெளியிலும், மாட்டிய பிறகும், அந்தப் பெரியவர் நமது கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அயல்நாட்டில் உற்றார் உள்ள நேயர்களுக்கு உதவும் என்று அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒரு பகுதி முழுவதும் காற்றே இல்லையென்றால், முதலில் தெர்மாஸ்டாட்டைப் பார்க்கவேண்டும். அதன் பாட்டரி தீர்ந்திருக்கலாம். ஒரு பகுதியில் 'குளிர்ச்சி' என்றும் மற்றொன்றில் 'உஷ்ணம்' என்றும் வைத்திருந்தாலும் குழப்பம்தான். ஒரே யந்திரம் ஒரே சமயத்தில் இரண்டையும் தர முடியாது. ஒன்றை முடித்துத்தான் மற்றொன்றுக்கு வரும்.

தெர்மாஸ்டாட் இருக்குமிடமும் முக்கியம். வெயில் விழும் சுவரிலோ, விளக்கின் மேலோ, சமையலறை வாசலிலோ இருந்தால், அறை குளிர்ந்த பிறகும் அது சூட்டையே உணர்ந்துகொண்டிருக்கும். குளிர்காற்று நேராகப் படும் இடத்தில் இருந்தால், அறை குளிர்வதற்கு முன்பே திருப்தியடைந்துவிடும்.

எல்லாப் பகுதிகளும் ஒருங்கே மௌனமாகிவிட்டால், கட்டுப்பாட்டுப் பலகைக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு டிரான்ஸ்பார்மரோ, பலகையிலுள்ள ப்யூஸோ போயிருக்கலாம். ஆனால் ப்யூஸ் காரணமின்றிப் போவதில்லை. எங்கோ ஒரு கம்பி உரசுகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் புது ப்யூஸ் போடுவது, கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பதைப் போன்றது.

பரணிலுள்ள நெளிகுழாய்கள் நசுங்கியிருந்தாலும் மூட்டு விட்டிருந்தாலும், டாம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடையில் அந்தப் பரண் வெளியைவிட மிகவும் அதிகமாகச் சூடேறும். காசு கொடுத்துக் குளிரூட்டிய காற்று அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாக ஒரு வீட்டில் குழாய்க் காற்றில் 20 முதல் 30 சதவிகிதம் வரை கசிவினால் வீணாகிறது என்பது அந்நாட்டுச் சர்க்காரின் 'எனர்ஜி ஸ்டார்' திட்டத்தார் சொல்லும் கணக்கு.

சுருளிலிருந்து வடியும் தண்ணீருக்கும் ஒரு குழாய் உண்டு. அதில் பாசி பிடித்து அடைத்துக்கொண்டால் தட்டில் தண்ணீர் தேங்கும். கூரை நனைந்து கெடாமலிருக்க, ஒரு மிதவை ஸ்விட்ச் யந்திரத்தையே நிறுத்திவிடும். யந்திரம் திடீரென்று நின்றால் இதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

பகுதிகள் மிகச் சிறியவையாக இருந்து சத்தமும் உறைவும் அடிக்கடி நேர்ந்தால், அது ரிப்பேர் விஷயமல்ல. ஆரம்பத்தில் வகுத்ததிலேயே உள்ள பிழை. மிச்சக் காற்றுக்கு ஒரு சுற்றுவழி வைப்பது, சிறு பகுதிகளை ஒன்றாகச் சேர்ப்பது, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் யந்திரம் பொருத்துவது ஆகியவையே பரிகாரங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில், அதிகச் செலவும் நியாயமாக இருக்கலாம்.

தொடக்கூடியதும் தொடக்கூடாததும்

வீட்டார் செய்யக்கூடியவை சில: வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றுவது, பாட்டரியைப் பார்ப்பது, காற்று வாய்களை மேஜை, திரைகளால் மறைக்காமலிருப்பது, ஒவ்வொரு பகுதியாக ஓட்டி, எங்கே காற்று வருகிறது, எங்கே வரவில்லை என்று கையால் பார்த்து ஒரு காகிதத்தில் குறித்துவைப்பது. இந்தக் குறிப்பு இருந்தால், வருகிறவரால் வேறு கதை சொல்லித் தப்பிக்க முடியாது.

தொடக்கூடாதவை இரண்டு. ஒன்று, வெளி யந்திரத்தின் உள்பாகம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்குள்ள கெபாஸிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருந்து அடித்துவிடும். மற்றொன்று, குளிர்வாயு. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற தொழிலாளர்களே அதைக் கையாளவேண்டும் என்பது சட்டம். வருஷந்தோறும் 'காஸ் குறைந்துவிட்டது' என்று நிரப்பிப் போகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "அது எங்கே போயிற்று?" விளக்கெண்ணெய் போல் எரிந்து தீரும் பொருளல்ல அது, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது வீண் செலவு; ஆகாயத்துக்கும் கேடு.

மோட்டாருக்கும் கூலிக்கும் சேர்த்துப் பெரியவர் வாங்கிக்கொண்டது, முதலில் வந்தவர் கேட்டதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. யந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்பதை அவரும் மறுக்கவில்லை. "இன்னும் சில வருஷங்களில் மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அன்றைக்கு நீங்கள் நிதானமாக நான்கு பேரிடம் விசாரித்து மாற்றுவீர்கள், வியர்த்துக்கொண்டே கையெழுத்துப் போடமாட்டீர்கள்" என்றார்.

அன்றிரவு மாடியிலும் 76 டிகிரி. கீழேயும் 76 டிகிரி. யந்திரம் ஓடிற்று, வேலை முடிந்ததும் நின்றது. அது நின்ற நிசப்தத்தைப் பல நாளுக்குப் பிறகு வீட்டார் கேட்டார்கள். மருமகள் பரீட்சையை நல்லபடி எழுதினாள். கல்லூரிப் பணமும் பாங்கியில் பத்திரமாக இருந்தது.

தாயாருக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னோம். தஞ்சாவூர் ஜில்லாவில் நிலபுலன்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவரல்லவா? முழுவதையும் கேட்டுவிட்டுக் கம்பளியை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு மடைப் பலகை இறங்கவில்லை என்பதற்காக ஊர் வாய்க்காலையே தூர்த்துவிட்டுப் புதிதாக வெட்டச் சொன்னானா அந்தப் பிள்ளை? நல்ல வேளை, வாய்க்கால் ஓரத்தில் நடந்து பார்த்தவர் ஒருவர் வந்தார்."